ஏஜென்சிக் கதவைத் தட்டும் முன்

மாடலிங் என்றதும் பலருக்கும் முதலில் ரேம்ப்தான் நினைவுக்கு வருகிறது. தமிழ்நாட்டில் இந்தத் தொழிலில் சம்பாதிக்கும் நிறையப் பேர் ரேம்பில் ஒரு முறைகூட நடந்ததில்லை. பட்டுக்கடையின் ஆடித் தள்ளுபடி விளம்பரம், நகைக்கடையின் அட்சய திருதியை ஹோர்டிங், திருப்பூர் பனியன் கம்பெனியின் கேட்டலாக், ஆன்லைன் கடைக்கான குர்தி ஷூட், அடுக்குமாடிக் குடியிருப்பு விளம்பரத்தில் சோபாவில் உட்கார்ந்து சிரிக்கும் குடும்பம் என்று இங்கே ஓடும் வேலை வேறு வகை. ஏஜென்சிக்குப் படம் அனுப்பும் முன் இவற்றில் எது உங்களுக்குப் பொருந்தும் என்று தெரிந்துகொள்ளுங்கள். பொருந்தாத இடத்துக்கு அனுப்பிவிட்டுப் பதில் வராமல் மனம் உடைந்துபோகிறவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. அவர்கள் முகத்தில் குறையில்லை, போன முகவரிதான் தப்பு.

ரேம்புக்கு உயரம் வேண்டும். பெண்கள் என்றால் 5 அடி 8 அங்குலம் (173 செ.மீ.), ஆண்கள் என்றால் 6 அடி (183 செ.மீ.) அளவில் எதிர்பார்ப்பார்கள். காரணம் எளிமையானது. டிசைனர் ஷோவுக்கான உடைகளை ஏறக்குறைய ஒரே அளவில் தைத்து வைத்திருப்பார். அந்த அளவுக்குள் வருகிறவர்தான் அந்த உடையோடு நடக்க முடியும். ஷோ நாளன்று ஆளுக்கு ஆள் பிரித்துத் தைக்க நேரம் இருக்காது. விளம்பரப் படத்துக்கு இந்தக் கணக்கு கிடையாது. 5 அடி 3 அங்குலம் உள்ள பெண் புடவை விளம்பரத்தில் அழகாக நிற்கலாம். நகை விளம்பரத்தில் உயரத்தைவிடக் கழுத்து, காது, விரல் இவற்றைத்தான் பார்ப்பார்கள். வயதும் தடையில்லை. மருத்துவமனை, இன்ஷூரன்ஸ், காபித்தூள் விளம்பரங்களுக்கு நரைத்த தலையோடு ஒரு தாத்தாவோ பாட்டியோ எப்போதும் தேவைப்படுவார்கள்.

அதிகம் பேசப்படாத இன்னொரு வேலையும் உண்டு. ஆடை நிறுவனங்கள் சாம்பிளைப் போட்டுப் பார்க்க ‘ஃபிட் மாடல்’ வைத்துக்கொள்வார்கள். அதற்கு முக லட்சணம் பெரிதில்லை. மார்பு, இடுப்பு, தோள் அளவுகள் அவர்களுடைய ‘மீடியம்’ சைஸ் அட்டவணையோடு அப்படியே ஒத்துப்போக வேண்டும், அந்த அளவு மாதக்கணக்கில் மாறாமலும் இருக்க வேண்டும். வெளிச்சம் படாத வேலை. ஆனால் ஒரு முறை பொருந்திவிட்டால் திரும்பத் திரும்பக் கூப்பிடுவார்கள்.

மொட்டை மாடியில் எடுக்கும் படங்கள்

ஏஜென்சி முதலில் கேட்பது போர்ட்ஃபோலியோ அல்ல, மேக்கப் இல்லாத சாதாரணப் படங்கள். பழைய உடனடி கேமராவின் நினைவாக ‘பாலராய்டு’ என்றும், இப்போது ‘டிஜிட்டல்ஸ்’ என்றும் சொல்வார்கள். உங்களை வைத்து என்ன செய்யலாம் என்று அவர்களே கற்பனை செய்துபார்க்க வேண்டும். அலங்காரம் செய்த முகத்தில் அந்தக் கற்பனைக்கு இடம் இருக்காது.

இதற்கு ஸ்டுடியோ வேண்டாம். காலை ஏழரை மணிவாக்கில் மொட்டை மாடிக்குப் போங்கள். வெள்ளையடித்த சுவர், நேர் வெயில் படாத பக்கம். முகம் வெளிச்சத்தைப் பார்த்து இருக்க வேண்டும், சுவரிலிருந்து ஓரடி இரண்டடி தள்ளி நில்லுங்கள். பெண்கள் உடம்பை ஒட்டிய கறுப்பு டி-ஷர்ட்டும் ஜீன்ஸும், ஆண்கள் ஒட்டிய பனியனும் ஜீன்ஸும் போட்டால் போதும். செருப்பு வேண்டாம். பொட்டையும் விபூதியையும் அழித்துவிட்டு, கைக்கயிறு, கம்மல், வாட்ச் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். கழற்ற மனசு ஒப்பாத கயிறாக இருந்தால் வேண்டாம், அது படத்தில் இருக்கட்டும்.

படம் எடுப்பவர் போனின் பின்பக்கக் கேமராவைப் பயன்படுத்த வேண்டும். போர்ட்ரெய்ட் மோடு, பியூட்டி மோடு இரண்டையும் அணைத்துவிடுங்கள். முழு உருவப் படத்துக்குப் பத்தடி தள்ளி நின்று, போனை உங்கள் தொப்புள் உயரத்தில் நேராகப் பிடிக்கச் சொல்லுங்கள். கண் உயரத்திலிருந்து கீழே சாய்த்து எடுத்தால் கால் குட்டையாகத் தெரியும், தரையிலிருந்து மேல்நோக்கி எடுத்தால் நெட்டையாகத் தெரியும். இரண்டுமே பொய். முகப் படத்துக்குக் கேமரா கண் உயரத்தில் இருக்கட்டும், மிக நெருங்கிவரக் கூடாது. நெருங்கினால் மூக்கு பெரிதாகிவிடும். கொஞ்சம் தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூம் வைத்து எடுப்பது நல்லது.

எடுக்க வேண்டிய படங்கள் இவை: நேர்முகம், பல் தெரியச் சிரித்த முகம், இடது பக்கம், வலது பக்கம், முழு உருவம் முன்னால், முழு உருவம் பின்னால். முடியை விரித்து ஒன்று, இழுத்துக் கட்டி ஒன்று. உள்ளூர் வேலை தேடுகிறவர்கள் சாதாரணப் புடவையிலோ வேட்டி சட்டையிலோ ஒரு படம் கூடுதலாகச் சேர்க்கலாம். விளம்பரங்களுக்கு ஆள் சேர்த்துத் தரும் சென்னைக் கோஆர்டினேட்டர்கள் அதையும் கேட்பார்கள். டாட்டூ, தழும்பு, பெரிய மச்சம் இருந்தால் அது தெரியும்படி ஒரு படம் எடுங்கள். ஷூட் அன்று தெரியவந்தால்தான் பிரச்சினை, முன்னாலேயே சொல்லிவிட்டால் பெரும்பாலும் அது ஒரு விஷயமே இல்லை.

நிறத்தைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். படத்தை அனுப்பும் முன் ஒரு ஃபில்டர் போட்டு வெளுப்பாக்கும் பழக்கம் நம் பிள்ளைகளிடம் ஊறிப்போயிருக்கிறது. தப்பு அவர்களுடையது இல்லை. தமிழ்ப் பெண்கள் உடுத்தும் புடவையைத் தமிழ்ப் பெண்ணின் நிறத்தில் காட்டாத ஹோர்டிங்குகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். இதை எதிர்த்து 2009-இல் ‘டார்க் இஸ் பியூட்டிஃபுல்’ என்ற இயக்கத்தைத் தொடங்கியது சென்னையைச் சேர்ந்த ‘விமன் ஆஃப் வொர்த்’ அமைப்புதான். கறுப்பாக இருப்பவர்களைத் தாழ்வாகக் காட்டக் கூடாது என்று இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் 2014-இல் விதி கொண்டுவந்தது. 2020-இல் ஃபேர் அண்ட் லவ்லி தன் பெயரில் இருந்த ‘ஃபேர்’ என்ற சொல்லையே எடுத்துவிட்டது. பாகுபாடு ஒழிந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. உங்கள் நிறத்துக்காக ஒருவர் உங்களைத் தேடினால், வெளுப்பாக்கிய படத்தில் அவர் உங்களைக் கண்டுபிடிக்க முடியாது என்கிறேன். ஃபில்டர் வேண்டாம்.

அளவு நாடா

உயரத்தைச் சுவரோரம் வெறுங்காலோடு நின்று, தலைமேல் ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைப் படிய வைத்து, அதன் அடியில் பென்சிலால் கோடு போட்டு அளந்துகொள்ளுங்கள். செ.மீ., அடி இரண்டிலும் எழுதி வையுங்கள். பெண்களுக்கு மார்பு, இடை, இடுப்பு. ஆண்களுக்கு மார்பு, இடை, காலர், காலின் உள்பக்க நீளம். இருவருக்கும் ஷூ சைஸ். பிளவுஸ் தைக்கும் டெய்லர் எழுதிக் கொடுத்த அளவை அப்படியே தரக் கூடாது, அவர் லூஸுக்கு விட்டிருப்பார். உடம்பைத்தான் அளக்க வேண்டும். நாடா இறுகவும் கூடாது, தொங்கவும் கூடாது.

இதில் ஓர் அங்குலம் பொய் சொன்னால் யாருக்குத் தெரியப்போகிறது என்று தோன்றும். ஷூட் அன்று தெரியும். கடையிலிருந்து வரும் பிளவுஸ் நீங்கள் கொடுத்த அளவுக்குத்தான் வரும். பெரிதாக இருந்தால் முதுகுப்பக்கம் கிளிப் போட்டு இறுக்கிவிடுவார்கள், முன்னாலிருந்து பார்த்தால் கச்சிதமாக இருக்கும். சிறிதாக இருந்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை. மேக்கப், லைட்டிங், போட்டோகிராபர் என்று பத்துப் பேர் காத்திருக்க, உதவியாளர் ஊசியோடு ஓடுவார். அந்தக் கோஆர்டினேட்டர் உங்களை மறுபடி கூப்பிட மாட்டார்.

முன்பணம் கேட்கிறவர் ஏஜென்சி இல்லை

ஏஜென்சிக்கு வருமானம் கமிஷனில் இருந்து வருகிறது. விளம்பரதாரர் தரும் சம்பளத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்வார்கள். நம் ஊரில் இருபது முதல் முப்பது சதவீதம் வரை கேட்பது வழக்கம். நீங்கள் சம்பாதித்தால்தான் அவர்களுக்குக் காசு. ஆகவே பதிவுக் கட்டணம், ஐ.டி. கார்டு கட்டணம், க்ரூமிங் கட்டணம், ‘எங்கள் போட்டோகிராபரிடம்தான் போர்ட்ஃபோலியோ எடுக்க வேண்டும்’ என்ற நிபந்தனை என்று எந்த உருவத்தில் முன்பணம் கேட்டாலும் அவர்கள் விற்பது வேறு சரக்கு. நியூயார்க் மாநிலம் இதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது. 2024 டிசம்பரில் கையெழுத்தாகி 2025 ஜூனில் நடைமுறைக்கு வந்த ஃபேஷன் தொழிலாளர் சட்டம், ஏஜென்சிகள் மாடலிடம் முன்பணம் வாங்குவதைத் தடுக்கிறது, கமிஷனுக்கு 20 சதவீதம் என்று உச்சவரம்பு வைக்கிறது. நமக்கு அப்படி ஒரு தனிச் சட்டம் இல்லாததால் எச்சரிக்கை நம் பொறுப்பு.

குழந்தை வைத்திருக்கும் பெற்றோரைக் குறிவைக்கும் அழைப்பு ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்:

“வணக்கம் மேடம், ஞாயித்துக்கிழமை மால்ல பாப்பாவைப் பார்த்து நம்பர் வாங்குனோமே... பேபி சோப் விளம்பரத்துக்குப் பாப்பா ஷார்ட்லிஸ்ட் ஆயிருக்கா. நாளைக்கே போர்ட்ஃபோலியோ எடுத்தாகணும். பதினெட்டாயிரம்தான் மேடம், முதல் விளம்பரத்துலயே திரும்பி வந்துடும்.”

“ரொம்ப சந்தோஷம் சார். அந்தப் பதினெட்டாயிரத்தைப் பாப்பாவோட சம்பளத்துல கழிச்சுக்கோங்க.”

இந்த ஒரு பதில் போதும். உண்மையான ஆளாக இருந்தால் பேச்சு தொடரும், மற்றவர் போனை வைத்துவிடுவார். பணம் கொடுத்து ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்காமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்கிவைக்க வாய்ப்பு உண்டு.

பெரிய ஏஜென்சிகளின் பெயரைப் போட்டு இன்ஸ்டாகிராமில் போலிக் கணக்கு நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். மும்பையின் அனிமா, இனேகா போன்ற பெயரில் யாராவது செய்தி அனுப்பினால், அந்த ஏஜென்சியின் இணையதளத்துக்கு நீங்களாகவே போய், அங்கே இருக்கும் எண்ணிலோ மின்னஞ்சலிலோ விசாரியுங்கள். செய்தி அனுப்பியவர் கொடுத்த எண்ணில் விசாரிப்பதில் பயனில்லை. கேள்விப்படாத நிறுவனமாக இருந்தால் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் பெயரையும், ஜி.எஸ்.டி. தளத்தில் அவர்களுடைய எண்ணையும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். ‘எங்கள் மாடல்கள்’ என்று அவர்கள் காட்டும் முகங்களில் இரண்டு பேருக்கு நேரடியாக எழுதிக் கேளுங்கள்: “இவங்க மூலமா வேலை வந்துதா? பணம் வந்துதா?” மாடல்கள் இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் நேர்மையாகப் பதில் சொல்வார்கள், அவர்களும் இதே வழியில் வந்தவர்கள்தான்.

போர்ட்ஃபோலியோவே வேண்டாம் என்று நினைத்துவிட வேண்டாம். அது அடுத்த கட்டம். வளரும் போட்டோகிராபர், வளரும் மேக்கப் கலைஞர், நீங்கள் மூவரும் சேர்ந்து காசில்லாமல் ‘கொலாப்’ ஷூட் செய்யலாம். மூவருக்கும் படங்கள் கிடைக்கும். படங்களை யார் எங்கே பயன்படுத்தலாம் என்று வாட்ஸ்ஆப்பிலாவது எழுதி வைத்துக்கொண்டால் பின்னால் சண்டை வராது. அதில் தேறும் நாலைந்து படங்களோடு உங்கள் அளவுகளையும் ஒரே பக்கத்தில் போட்டால் ‘கம்ப் கார்டு’ தயார். முன்பு அரைத்தாள் அளவில் அச்சடித்துக் கையில் கொடுப்பார்கள், இப்போது பிடிஎஃப் போதும்.

அழகிப் போட்டி வேறு பாதை. 1999-இல் மிஸ் மெட்ராஸ் ஆன த்ரிஷா சினிமாவுக்குப் போனார், திருச்சியின் அனுக்ரீத்தி வாஸ் 2018-இல் மிஸ் இந்தியா ஆனார். ஆனால் ஊருக்கு ஊர் நடக்கும் நுழைவுக் கட்டணப் போட்டிகளின் கிரீடத்தை வைத்து ஏஜென்சிகள் ஆள் எடுப்பதில்லை.

மின்னஞ்சல்

ஏஜென்சியின் தளத்தில் புதியவர்கள் விண்ணப்பிக்கத் தனிப் பக்கம் இருந்தால் அதில்தான் அனுப்ப வேண்டும். இல்லையென்றால் மின்னஞ்சல். மும்பைக்கு ஆங்கிலத்தில், சென்னைக்குத் தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதலாம். ஏஜென்சியில் இருப்பவர் முதலில் படத்தைத்தான் திறக்கிறார், பிறகு உயரத்தைப் பார்க்கிறார், பிடித்திருந்தால் மட்டும் மேலே படிக்கிறார். ‘சின்ன வயசிலிருந்தே என் கனவு’ என்று தொடங்கும் பத்திகள் படிக்கப்படுவதில்லை. இவ்வளவு போதும்:

“வணக்கம். என் பெயர் ____. வயது 21. ஊர் திருச்சி. உயரம் 170 செ.மீ., அளவுகள் ____, ஷூ சைஸ் ____. மாடலிங்கில் முன் அனுபவம் இல்லை. பரதநாட்டியம் கற்றிருக்கிறேன், ஸ்கூட்டர் ஓட்டுவேன், நீந்துவேன். இடது முழங்கையில் சிறு தழும்பு உண்டு. இந்த மாதம் எடுத்த படங்களை இணைத்துள்ளேன். இரண்டு நாள் முன்னால் சொன்னால் சென்னைக்கு வர முடியும். கைபேசி: ____.”

படங்களை மின்னஞ்சலோடு இணைத்தே அனுப்புங்கள். அனுமதி கேட்கும் டிரைவ் லிங்க் அனுப்பினால் யாரும் அனுமதி கேட்டுக்கொண்டு காத்திருக்க மாட்டார்கள். ஒவ்வொரு படத்துக்கும் உங்கள் பெயரையும் உயரத்தையும் கோப்புப் பெயராக வையுங்கள். அவர்கள் அதை இறக்கிவைத்து ஆறு மாதம் கழித்துத் தேடினாலும் யாருடைய படம் என்று தெரிய வேண்டும்.

சென்னையில் விளம்பர வேலையின் பெரும்பகுதி கோஆர்டினேட்டர்கள் கையில் இருக்கிறது. பருவம் பார்த்து அவர்களை அணுகுங்கள். ஆடி விளம்பரம் ஆடியில் எடுக்கப்படுவதில்லை, ஒன்றிரண்டு மாதம் முன்பே முடிந்திருக்கும். வைகாசி, ஆனியிலும், தீபாவளிக்கு முன் ஆவணியிலும் உங்கள் படம் அவர்கள் போனில் புதிதாக இருக்க வேண்டும்.

கூப்பிட்டால்

காஸ்டிங்குக்கு முடிந்தவரை எளிமையாகப் போங்கள். கையில் பெயர், உயரம் எழுதிய பலகையைக் கொடுத்துக் கேமரா முன் நிறுத்துவார்கள். பெயர் சொல்லி, இரண்டு பக்கமும் திரும்பி, கைகளை முன்னும் பின்னும் திருப்பிக் காட்டச் சொல்வார்கள். நகை விளம்பரம் என்றால் கை நகம் ஒரே நீளத்தில், சாயம் இல்லாமல் இருக்கட்டும். மருதாணி போட்டால் ஒன்றிரண்டு வாரம் அந்த வேலைக்கே போக முடியாது என்பதை வீட்டில் கல்யாணம் வரும்போது நினைவில் வையுங்கள். த்ரெடிங்கை இரண்டு நாள் முன்பே முடித்துக்கொள்ளுங்கள், சிவப்பு அடங்க வேண்டும். பையில் தோல் நிற உள்ளாடை, பாவாடை, சேஃப்டி பின், ஒரு ஹீல்ஸ், உங்கள் நிறத்துக்குச் சரியான ஃபவுண்டேஷன். மேக்கப் கலைஞரிடம் உங்கள் ஷேடு இல்லாமல் போவது மாநிறத்துக்கும் கறுப்புக்கும் இன்னமும் நடக்கிறது.

முதல் முறை போகும்போது ஒருவரைக் கூட அழைத்துப்போங்கள். “கூட ஆள் வரக் கூடாது” என்று சொல்லும் இடத்துக்குப் போக வேண்டாம். ராத்திரி ஹோட்டல் அறையில் காஸ்டிங் நடக்காது. உள்ளாடை, நீச்சலுடைப் படங்களை முன்பின் தெரியாதவர் வாட்ஸ்ஆப்பில் கேட்டால் அனுப்ப வேண்டாம், காரணமும் சொல்ல வேண்டாம். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் (2013) ஒரு நாள் ஷூட்டுக்கு வருகிறவருக்கும் பொருந்தும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும், சிறிய இடம் என்றால் மாவட்டத்தின் உள்ளூர்க் குழுவிடம் புகார் தரலாம். பெண்கள் உதவி எண் 181.

குழந்தைகளுக்கு விதிகள் தெளிவாக இருக்கின்றன. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2017 விதிகளின்படி மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, ஓய்வில்லாமல் தொடர்ந்து மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தையின் பெயரில் வைப்புநிதியாகப் போட வேண்டும். பெற்றோரே இதைக் கேட்டு வாங்க வேண்டும், “சின்ன விளம்பரம்தானே” என்று விட்டுக்கொடுக்கக் கூடாது.

கையெழுத்து

ஒப்பந்தத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்க நேரம் கேளுங்கள். தர மறுத்தால் அதிலேயே பதில் இருக்கிறது. நான்கு இடங்களில் கண் நிற்கட்டும்: கமிஷன் எவ்வளவு, எத்தனை வருடம், எக்ஸ்க்ளூசிவா இல்லையா, விலகுவதென்றால் எப்படி. எக்ஸ்க்ளூசிவ் என்றால் வேறு யார் மூலமாகவும் வேலை செய்ய முடியாது. அப்படிக் கட்டிப்போடுகிறவர்கள் வருடத்துக்கு இவ்வளவு வேலை என்று எதையும் உறுதி சொல்ல மாட்டார்கள். ஆகவே புதியவர்கள் மூன்று வருட எக்ஸ்க்ளூசிவுக்குத் தலையாட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரு வருடம் போதும்.

ஒவ்வொரு வேலைக்கும் ‘யூசேஜ்’ என்று ஒன்று உண்டு. ஒரு நாள் சம்பளம் உங்கள் உழைப்புக்கு. உங்கள் முகத்தை எங்கே, எவ்வளவு காலம் பயன்படுத்துகிறார்கள் என்பதற்கு விலை தனி. ஒரு வருடம் தமிழ்நாட்டில் மட்டும் பத்திரிகை விளம்பரம் என்பதும், ஹோர்டிங், டி.வி., இணையம் எல்லாவற்றிலும் காலவரையில்லாமல் என்பதும் ஒரே தொகைக்கு வரக் கூடாது. ஒரு நகைக்கடை உங்கள் படத்தைக் காலாகாலத்துக்கும் வைத்திருந்தால் இன்னொரு நகைக்கடை உங்களைக் கூப்பிடத் தயங்கும். இப்போது செயற்கை நுண்ணறிவும் சேர்ந்துகொண்டது. 2025-இல் எச் அண்ட் எம் நிறுவனம் முப்பது மாடல்களின் டிஜிட்டல் நகல்களை உருவாக்குவதாக அறிவித்தபோது, நகலின் உரிமை மாடலுக்கே என்று சொல்லியது. உங்கள் ஒப்பந்தத்தில் ‘டிஜிட்டல் உருவம்’, ‘ஸ்கேன்’, ‘பயிற்சித் தரவு’ என்ற சொற்கள் வந்தால் தனி அனுமதி, தனிச் சம்பளம் என்று எழுதச் சொல்லுங்கள். முடியாது என்றால் அந்த வரியை அடிக்கச் சொல்லுங்கள்.

பணம் உடனே வராது. அறுபது, தொண்ணூறு நாள் இழுப்பது இந்தத் தொழிலில் சகஜம், ஆகவே வாடகைக்கு இதை நம்பி வேலையை விட வேண்டாம். தேதி, தொகை, யூசேஜ் மூன்றையும் ஷூட்டுக்கு முன்பே வாட்ஸ்ஆப்பில் உறுதிசெய்து, ஷூட் முடிந்த அன்றே பான் எண்ணோடு பில் அனுப்பிவிடுங்கள். பான் கொடுக்காவிட்டால் டி.டி.எஸ். 20 சதவீதம் போய்விடும். பிடித்த வரி உங்கள் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று வருமான வரித் தளத்தில் பாருங்கள். வருமானம் வரம்புக்குக் கீழே என்றால் ரிட்டர்ன் தாக்கல் செய்து அதைத் திரும்பப் பெறலாம்.

பதில் வராமல் இருப்பதுதான் இந்தத் தொழிலில் அதிகம் நடப்பது. ‘இல்லை’ என்று எழுதி அனுப்ப அவர்களுக்கு நேரம் இருக்காது. யாருக்கு, எந்தத் தேதியில், எந்தப் படங்களை அனுப்பினீர்கள் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். வாராவாரம் நினைவூட்ட வேண்டாம். மூன்று மாதம் கழித்துப் புதிதாக எடுத்த படங்களோடு ஒரு முறை அனுப்புங்கள், அதே படங்களைத் திரும்ப அனுப்பாதீர்கள். இடையில் முடியை வெட்டினாலோ, தாடி வளர்த்தாலோ, எடை ஏறி இறங்கினாலோ, பல்லுக்குக் கம்பி போட்டாலோ அன்றே மறுபடி மொட்டை மாடிப் படங்கள் எடுத்து, அதுவரை அனுப்பிய எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள்.